இப்ப வரும், இருங்க

டிராம் ஓடும் நகரங்களில் ஒரு நாகரிகமான சண்டை உண்டு. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்துகொண்டேயிருக்கும் தடத்தில் 8.04, 8.10, 8.16 என்று ஒவ்வொன்றின் நேரத்தையும் அச்சடித்து நிறுத்தத்தில் ஒட்டத்தான் வேண்டுமா? "அடிக்கடி வரும்" என்று ஒரு வரி போட்டால் போதாதா? போதும் என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் அடுத்த வண்டி நிச்சயம் என்றால் யாரும் கடிகாரத்தைப் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். போதாது என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. முதல் வண்டி எது, கடைசி வண்டி எது, ஞாயிற்றுக்கிழமை எப்படி, இரவு பத்து மணிக்கு மேல் எப்படி என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்காது. மெல்பேர்ன்காரர்கள் இதையெல்லாம் யோசித்து, வண்டி அடிக்கடி ஓடும் தடத்திலும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நேரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். வேறு கவலை இல்லாத ஜனங்கள்.

இந்தச் சண்டையில் ஹட்டனும் நுவரெலியாவும் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெருமையோடு சொல்லியிருக்கலாம்: அட்டவணை வேண்டாம் என்ற கட்சி இங்கே நெடுங்காலமாக ஆட்சியில் இருக்கிறது, எதிர்க்கட்சியே இல்லாமல். சின்ன வித்தியாசம் ஒன்றுதான். அங்கே வண்டி நிறைய ஓடுவதால் அட்டவணை எதற்கு என்கிறார்கள். இங்கே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓடும் தோட்டத்துப் பாதையில், "அது ஊருக்கே தெரியுமே, எழுதி வேற ஒட்டணுமா?" என்கிறார்கள். கொழும்புக்கு 1899இல் மின்சார டிராம் வந்தது, 1960இல் போனது. சென்னையில் 1895இல் வந்து 1953இல் போனது. மலைக்கு டிராம் வரவே இல்லை. டிராம்காரர்களின் சாக்குப்போக்கு மட்டும் டிக்கெட் எடுக்காமல் மலையேறி வந்து, நம்ம பஸ் ஸ்டாண்டுகளில் குடியேறிவிட்டது.

தோட்டத்துச் சந்திகளில் இருக்கும் பஸ் தரிப்பிடங்களைப் பார்த்திருப்பீர்கள். தகரக் கூரை, சிமெந்துத் திண்ணை, மூலையில் வெற்றிலைச் சாறு, போன தேர்தலின் சுவரொட்டி, அதன் அடியில் அதற்கு முந்திய தேர்தலின் சுவரொட்டி. நடுவில் ஒரு கல்வெட்டு. இன்ன கௌரவ அமைச்சரின் நிதி ஒதுக்கீட்டில், இன்ன கௌரவ உறுப்பினரின் வேண்டுகோளுக்கு இணங்க, இன்ன திகதியில், இன்னாரின் பொற்கரங்களால் திறந்து வைக்கப்பட்டது. ஐந்து பேர் உட்கார முடியாத கட்டடத்துக்கு எட்டுப் பேரின் பெயர். திறப்பு விழா அழைப்பிதழில் சுபநேரம்கூட நிமிடக் கணக்கில் அச்சாகியிருக்கும். நாடா வெட்டியவர் என்றைக்கு வந்தார் என்று இன்னும் நூறு வருடத்துக்குப் பிறகும் வாசிக்கலாம். பஸ் எப்போது வரும் என்று இன்றைக்கு வாசிக்க முடியாது. பஸ் தரிப்பிடத்தில் எழுதவேண்டிய ஒரே ஒரு செய்திக்குத்தான் அங்கே இடமில்லை.

டவுனுக்கு வந்தால் நிலைமை மேல் என்று நினைக்கக்கூடாது. டவுனில் டைம் கீப்பர் இருப்பார். கையில் தாள், காதில் பேனா, வாயில் விசில். கிளினிக் கார்டை ஷாப்பிங் பையில் சுருட்டி வைத்திருக்கும் ஒரு அம்மா அவரிடம் போவார்.

"தம்பி, மேல் டிவிஷன் பஸ் எத்தனை மணிக்கு?"

"இப்ப வரும், இருங்கம்மா."

"ஒரு மணிக்கும் இதைத்தானே சொன்னீங்க?"

"அப்பவும் இப்ப வரும்னுதான் சொன்னேன், இப்பவும் அதைத்தான் சொல்றேன். நான் பேச்சு மாத்தினேனா?"

மாற்றவில்லைதான். இந்த நாட்டில் ஒரே வாக்கில் நிற்கும் பொது ஊழியர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் தாளில் நேரம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எந்த பஸ்ஸை எப்போது விசிலடித்து விரட்டுவது என்று முடிவு செய்கிறார். ஆனால் அந்தத் தாள் அம்மாவுக்கானது அல்ல. அது ஓட்டுபவர்களுக்கும் அனுமதி கொடுத்தவர்களுக்கும் நடுவில் உள்ள சொந்த விஷயம். குடும்பத்து ரகசியத்தை மூன்றாம் ஆளிடம் சொல்லுவார்களா?

அட்டவணை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இலங்கையில் பஸ் அட்டவணைக்குக் குறைவே கிடையாது. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பெனிகளை அரசு எடுத்து இலங்கை போக்குவரத்துச் சபையை ஆரம்பித்தது. 1970களின் கடைசியில் தனியார் பஸ்ஸுக்கு மறுபடி கதவு திறந்தது. 1991இல் சட்டம் போட்டுத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவைக் கொண்டுவந்தார்கள். மாகாணத்துக்கு உள்ளே ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது மாகாண அதிகார சபை, மாகாணம் தாண்டினால் ஆணைக்குழு. எந்தப் பாதையில் எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பது அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. போக்குவரத்துச் சபையின் சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் ஓடுவதற்கு, கூட்டு நேர அட்டவணை என்று தனியாக ஒன்றும் உண்டு. தூர சேவைகளுக்கு அந்தக் கூட்டு அட்டவணை வேண்டாம் என்று போக்குவரத்துச் சபையின் தொழிற்சங்கங்கள் 2025 ஆகஸ்டு கடைசியில் வேலைநிறுத்தமே செய்தன. அமைச்சர் ஒரு பக்கம், சங்கங்கள் ஒரு பக்கம், பஸ் முதலாளிமார் சங்கம் ஒரு பக்கம். நாடே நேர அட்டவணையைப் பற்றிப் பேசியது. ரோட்டோரம் நின்ற சனத்துக்கு அப்போதுதான் தெரிந்தது, இப்படி ஒரு சாமான் இருக்கிறது என்று. சண்டை முடிந்தது, பஸ் ஓடியது. அட்டவணையின் பிரதி ஒன்று எங்கள் சந்திக்கு வரவில்லை. வழக்கில் எங்களைத் தவிர எல்லாரும் கட்சிக்காரர்கள்.

ஒட்டாததற்குக் காரணம் தாள் இல்லாததா, பசை இல்லாததா? இரண்டும் தேர்தல் காலத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. காரணம் எளிது. 6.40 என்று எழுதி ஒட்டிவிட்டால், 7.15க்கு வரும் பஸ் பிந்தி வந்த பஸ் ஆகிவிடும். எழுதாவிட்டால் 7.15க்கு வருவது வந்த பஸ். எழுதி ஒட்டினால் வராத பஸ்ஸை வரவில்லை என்று சொல்லலாம், திகதி போட்டுச் சொல்லலாம், டிப்போவிடம் கேட்கலாம், அனுமதிப்பத்திரம் கொடுத்தவரிடம் கேட்கலாம். எழுதாவிட்டால் இல்லாத வாக்குறுதியை எப்படி மீறுவது? ஆள் நிறையும்வரை ஸ்டாண்டில் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நிற்கலாம். கூட்டம் இல்லாத கடைசி டிரிப்பை வெட்டிவிடலாம். போயா நாளில் மறந்துவிடலாம். அட்டவணையை ஒளித்து வைப்பது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள் அப்பாவிகள். அது ஒரு வியாபாரத் திறமை.

இதெல்லாம் நடப்பது எந்த ஊரில் என்பதைக் கவனிக்க வேண்டும். நேரம் என்றால் என்னவென்று தெரியாத காட்டு ஊரில் நடந்தால் மன்னிக்கலாம். நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் பார்க்கும் தோட்டத்தில் நடக்கிறது. இந்த மலையில் மனிதனுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே நேரம்தான். விடியுமுன் தப்பு அடித்தார்கள், கொம்பு ஊதினார்கள், ஸ்டோரில் சங்கு பிடித்தார்கள். பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பிந்திப் போனால் துரை விரட்டுவார், அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும். கொழுந்து நிறுக்க இத்தனை மணி, மறு நிறுவை இத்தனை மணி, பிள்ளைக்காம்பராவில் பிள்ளைக்குப் பால் கொடுக்க இத்தனை மணி. பதினெட்டுக் கிலோவோ இருபது கிலோவோ, தோட்டம் சொன்ன அளவு தட்டில் விழாவிட்டால் அரைப்பேர். இருநூறு வருடமாக எங்கள் நேரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கப்பிள்ளையின் செக்ரோலைப் புரட்டினால், ஒரு கிழவி எந்த வருடம் எந்த மாதம் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடலாம். பஸ் எத்தனை நாள் வரவில்லை என்று சொல்ல ஒரு செக்ரோல் கிடையாது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளிக்கு நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபாய் என்றும், வேலைக்கு வந்தால் வரவுக்காக நாளொன்றுக்கு 200 ரூபாய் என்றும் அறிவித்தார்கள். நல்லது. மனிதன் ஒழுங்காக வரவேண்டும் என்பதற்காக அரசாங்கம் காசு கொடுக்கிறது. பஸ்ஸுக்கும் ஒரு வரவுக் கொடுப்பனவு வைத்துப் பார்க்கலாமே. வராத நாளுக்கு அரைப்பேர் போடலாமே.

எங்களுக்காக ஒரு கால அட்டவணையும் எவரும் வெளியிட்டதில்லை என்றால் அது நன்றி கெட்ட பேச்சு. ஒன்று வெளியிட்டார்கள். 1964 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து போட்டது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்க்கலாம். எல்லாம் 15 வருடத்துக்குள். இந்தியா ஏழு பேரை எடுத்தால் இலங்கை நாலு பேருக்குப் பிரஜாவுரிமை என்ற விகிதத்தில். எவ்வளவு துல்லியம் பாருங்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுதவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன கோச்சி, ஆள் நிறையட்டும் என்று நின்றதாக இங்கு எந்தப் பெரியவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களை அனுப்புவதற்கு அட்டவணை போடத் தெரிந்தது. இங்கே இருந்தவர்களைச் சந்தியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குத்தான் தெரியவில்லை.

கோச்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. மலையக ரயில் பாதை முதலில் கோப்பிக்காகப் போட்டது, கோப்பி செத்த பிறகு தேயிலைக்காக நீட்டியது. 1867இல் கண்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்குக்கூட ஒரு குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1940களில் அதையும் மூடிவிட்டார்கள். தேயிலைப் பெட்டி துறைமுகத்துக்குப் போகிற நேரத்தில் பிசகு வராமல் வெள்ளைக்காரன் பார்த்துக்கொண்டான். அவன் போட்ட பாதையில் இன்றைக்கு வெள்ளைக்காரன் வேறு வேலைக்கு வருகிறான், போட்டோ எடுக்க. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது, 1921இல் கட்டியது. அந்தப் பக்கத்து தேநீர்க் கடைகளில் போய்ப் பாருங்கள். கோச்சி பாலத்தைக் கடக்கும் நேரங்களைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அழகான ஆங்கிலத்தில். ஏறுவதற்கு அல்ல. பார்ப்பதற்கு. இளநீரை உறிஞ்சிக்கொண்டு கமெராவைத் தயார் செய்துகொள்ளலாம். ரயில் கடந்து போகும் காட்சிக்கு அட்டவணை உண்டு. அந்தக் காட்சியில் பின்னணியாகக் குனிந்து கொழுந்து பறிக்கும் பெண் வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு அட்டவணை கிடையாது. அவளும் போட்டோவில் இருக்கிறாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

எல்ல கோச்சியின் ஆசனங்கள் இணையத்தில் திறந்த கணத்திலேயே தீர்ந்துபோவது ஏன் என்று 2025 தொடக்கத்தில் பொலிஸ் விசாரணை நடந்தது, கைதுகளும் நடந்தன. உல்லாசப் பயணி ஏமாந்தால் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வருகிறது. நம்ம ஆள் ஏமாந்தால் அடுத்த பஸ்கூட வருவதில்லை. சிவனொளிபாதமலை சீசனையும் பாருங்கள். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை ஹட்டனில் இருந்து நல்லதண்ணிக்கு விசேட பஸ்கள், நடுச்சாமத்திலும் பஸ்கள். பஸ்ஸும் ட்ரைவரும் டீசலும் எங்கிருந்தோ பிறந்து வருகின்றன. பக்தர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் மலையேறியவன்தான். ஆறு மாதம் முடியும் காரியம் மற்ற ஆறு மாதம் முடியாமல் போகும் அதிசயத்தைத்தான் சொல்கிறேன்.

நேரத்தைக் கையாளும் திறமை இந்த அரசுக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. 1996 மே மாதம் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஐந்து மாதம் கழித்து அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். 2006 சித்திரையில் இன்னொரு அரை மணித்தியாலத்தை இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். நாடு முழுவதற்கும், ஒரே இரவில், பத்திரிகையில் அறிவித்து. சூரியனிடம் கேட்காமல் நேரத்தை மாற்றத் தெரிந்தவர்கள், டிப்போவிடம் கேட்டு ஒரு தாளை ஒட்ட முடியாமல் தவிக்கிறார்கள்.

சரி, தோட்டத்துக்குள் பஸ் ஒழுங்காக வராததற்குப் பாதை ஒரு காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பாதை அப்படி இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறதே, அதைச் சொல்ல மாட்டார்கள். 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபைப் பணத்தில் ஒரு மண்வெட்டிக் கல்லும் போட முடியாது என்றார்கள். பாதை தோட்டத்துக்குச் சொந்தம், தோட்டம் பெருந்தோட்டக் கம்பெனிக்குக் குத்தகை, கம்பெனிக்குக் கொழுந்து லொறி போகிற அளவு பாதை இருந்தால் போதும். மனிதன் போவது சபைக்கும் சேரவில்லை, கம்பெனிக்கும் சேரவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். முப்பத்தொரு வருடம். வாக்குச் சீட்டு மட்டும் அந்தப் பாதையில் ஒரு தேர்தலுக்கும் பிந்தாமல் வந்துபோனது.

அட்டவணை இல்லாததால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கிறவர்கள் உண்டு. கொழும்பில் இருந்து வருகிற கனவான்கள் கேட்பார்கள். பாடசாலை காலை ஏழரைக்கு. பஸ் ஏழு மணிக்கு வந்தாலும் வரலாம். ஆகையால் பிள்ளை ஐந்தரைக்கே எழுந்து பனியில் நிற்கிறது. வராவிட்டால் நடக்கிறது, அல்லது வீட்டுக்குத் திரும்பித் தம்பியைப் பார்த்துக்கொள்கிறது. பிறகு ஒரு நிபுணர் வந்து, தோட்டப் பிள்ளைகள் பாடசாலையை விட்டு இடைவிலகுவதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் என்று அறிக்கை எழுதுகிறார். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து டிக்கோயாவில் 150 கட்டில் ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார். நல்ல ஆஸ்பத்திரி. கிளினிக் நம்பர் காலையில் கொடுக்கிறார்கள். மேல் மலைத் தோட்டத்துச் சீனி வியாதிக்காரர் நம்பர் கிடைக்க வேண்டும் என்றால் எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்? அது தெரியாததால் அவர் த்ரீவீல் பிடிக்கிறார். போகும்போது ஒரு நாள் சம்பளம், வரும்போது ஒரு நாள் சம்பளம். மருந்து இலவசம்.

கடைசி பஸ் விஷயம் இதைவிடப் பொல்லாதது. முதல் பஸ் வராவிட்டால் வேலை போகும், பாடம் போகும். கடைசி பஸ் போய்விட்டதா, இன்னும் வரவில்லையா என்று தெரியாமல் இருட்டில் சந்தியில் நிற்கும் பெண்பிள்ளைக்கு என்ன போகும் என்று எந்த அதிகார சபையும் கணக்கெடுப்பதில்லை. கார்மண்ட்ஸில் இருந்து தீபாவளிக்கு வருகிற பிள்ளைகள், டவுனில் கடையில் நிற்கிற பிள்ளைகள், டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகள். மூன்று மைல் தேயிலைக்குள் நடந்து போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அண்ணனையோ அப்பாவையோ டோர்ச் லைட்டோடு வரச் சொல்லலாம். கடைசி பஸ் 6.30 என்று எழுதுவதற்கு எத்தனை எழுத்து?

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. எந்த பஸ் எப்போது என்று தெரியாத சனம், வருகிற பஸ்ஸில் எப்படியாவது ஏறும். அடுத்தது வரும் என்று நம்பிக்கை இருப்பவன் மட்டுமே இந்த பஸ்ஸை விடுவான். 2025 மே 11ஆம் திகதி விடியற்காலை, கதிர்காமத்தில் இருந்து குருணாகலைக்குப் போன பஸ் ஒன்று கொத்மலையில் கரண்டி எல்ல பக்கம் பள்ளத்தில் பாய்ந்தது. இருபதுக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் அதில் இருந்தார்கள். விபத்துக்குக் காரணம் என்ன என்று விசாரிக்கிறவர்கள் விசாரிக்கட்டும். நான் கேட்பது வேறு. அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு, இதை விட்டால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பாரா? இந்த மலைப் பாதைகளில் நாங்கள் ஒவ்வொரு நாளும் மிதிபலகையில் தொங்குவது வீரத்துக்காக இல்லை. "பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க" என்று கொண்டக்டர் கத்துவார். பின்னுக்கு எங்கே போவது?

மலைநாட்டில் நேரம் குறித்து பஸ் ஓட்ட முடியாது என்று ஒரு வாதம் வரும். பனி, மழை, மண்சரிவு, மரம் விழுதல். மறுக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலையைப் புரட்டிப் போட்டது. வீதி போனது, ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது, மண் சரிந்து வீடுகளோடு மனிதர்கள் போனார்கள். அந்த வாரத்தில் 6.40 பஸ் எங்கே என்று கேட்கிறவன் மனிதன் இல்லை. ஆனால் வருடத்தில் எல்லா வாரமும் டித்வா அடிப்பதில்லை. அடிக்காத வாரங்களில், அதே பனியில், அதே மழையில், அதே குண்டும் குழியுமான பாதையில், கொழுந்து லொறி வருகிறது. நிறுவை முடிந்ததும் வருகிறது. வராவிட்டால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், தேயிலையின் தரம் கெடும், ஏலத்தில் விலை விழும். ஆகவே லொறி வருகிறது. சந்தியில் நின்று வாடும் ஆளின் விலை எந்த ஏலத்திலும் விழுவதில்லை. ஆகவே பஸ் வருவதில்லை. இதற்குப் பெயர் பனிமூட்டம்.

எழுத ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம். உண்மைக்கு மாறாக ஒரு வரி இருக்காது.

முதல் பஸ்: விடிந்த பிறகு. ட்ரைவர் எழுந்த பிறகு என்றும் கொள்ளலாம்.

இரண்டாவது பஸ்: முதல் பஸ் வராத நாட்களில் இதுவே முதல் பஸ்.

பாடசாலை பஸ்: பாடசாலை இல்லாத நாட்களில் நேரத்துக்கு வரும்.

மதிய பஸ்: ஆள் நிறைந்ததும். ஆள் நிறையாவிட்டால் மாலை பஸ்ஸாகக் கருதப்படும்.

மாலை பஸ்: மேல் டிவிஷன் வரை. மழை என்றால் கீழ் டிவிஷன் வரை. மழை வரும்போல் இருந்தால் பாலம் வரை. கட்டணத்தில் மாற்றம் இல்லை.

கடைசி பஸ்: போய்விட்டது.

விசேட சேவை: கௌரவ அமைச்சர் வரும் கூட்டத்துக்கு ஆள் ஏற்ற. லயத்து வாசல் வரை வரும், இலவசம், குறித்த நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாக.

கடைசி வரியில் மட்டும் பகிடி எதுவும் இல்லை என்பது மலையகத்தில் மே தினம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ்ஸை லயத்து வாசலுக்கு நேரத்தோடு கொண்டுவர முடியும் என்பதை நம்ம தலைவர்மார் வருடம் தவறாமல் நிரூபித்துக் காட்டுகிறார்கள். இத்தனை வருடம் அமைச்சுப் பதவியில் இருந்தவர்கள், சம்பளத்துக்குப் பேசினார்கள், வீட்டுக்குப் பேசினார்கள், சிலைக்கும் பேசினார்கள். ஒரு அட்டவணைக்குப் பேசவில்லை. அதற்கு மாலை விழாதே.

இப்போது புதிதாக ஒரு மருந்து சொல்கிறார்கள். ஜி.பி.எஸ். பூட்டி, போனில் செயலி வைத்து, பஸ் எங்கே வருகிறது என்று விரலால் பார்க்கலாமாம். வரட்டும். சிக்னல் பிடிக்க லயத்துக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏற வேண்டிய ஊரில், பாறையில் ஏறிப் பார்த்தால் பஸ்ஸே கண்ணுக்குத் தெரியும். செயலி வரும்வரை ஒரு தாள் ஒட்டினால் என்ன? அதுவும் தமிழிலும் ஒட்டினால் என்ன? தமிழ் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் 1987இல் எழுதியாகிவிட்டது. ஆனால் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசும் நுவரெலியா மாவட்டத்தில் பஸ்ஸின் நெற்றிப் பலகை இன்னும் சிங்களத்தில்தான் பெரும்பாலும் பேசுகிறது.

நாங்கள் மெல்பேர்ன் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று கேட்கவில்லை. ஓடுகிற இரண்டையோ மூன்றையோ எப்போது ஓடும் என்று எழுதிக் கேட்கிறோம். அடிக்கடி ஓடுகிற ஊரில் அட்டவணை ஒரு சௌகரியம். ஒன்றைத் தவறவிட்டால் ஆறு நிமிடம் போகும். இங்கே ஒன்றைத் தவறவிட்டால் ஒரு நாள் போகும். முதல் பஸ், கடைசி பஸ், பாடசாலை பஸ் என்று மூன்று நேரம். போயாவுக்கும் ஞாயிறுக்கும் தனி வரி. வராவிட்டால் கூப்பிட ஒரு தொலைபேசி எண், எடுக்கிற தொலைபேசி. இதற்கு உலக வங்கிக் கடன் தேவையில்லை. டைம் கீப்பரின் கையில் இருக்கும் தாளை போட்டோகாப்பி எடுத்தால் போதும்.

கொடுக்க மாட்டார்கள் என்றால் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். டிப்போவுக்கும் மாகாண அதிகார சபைக்கும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்துப் பாதைக்கு அனுமதித்த நேர அட்டவணையின் பிரதியைக் கேட்டுத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் ஆணைக்குழு இருக்கிறது. கிடைத்த தாளை அந்தக் கல்வெட்டுக்கு மேலேயே ஒட்டுங்கள். கிழித்தால் இன்னொன்று ஒட்டுங்கள். ஒரு மாதம் எந்த பஸ் எந்த நாள் வரவில்லை என்று நீங்களே ஒரு செக்ரோல் எழுதுங்கள், அடுத்த முறை நாடா வெட்ட வருகிறவரின் கையில் அதைக் கொடுங்கள்.